முதலில் தூக்கம்: திருவண்ணாமலை ஆலோசனை அறையிலிருந்து

சமூக ஊடகத்தால் மனம் பாதிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் மிகக் குறைவு. தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டது, வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றுதான் வருகிறார்கள். திருவண்ணாமலையில் அதற்கு முன்பே மந்திரித்துக் கயிறு கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலமும் முடித்திருப்பார்கள். பேச்சு பாதி தாண்டிய பிறகு, கூட வந்த அம்மாவோ அண்ணனோ, "எந்நேரமும் செல்ல நோண்டிக்கினே இருக்கான் சார்" என்பார்கள். சம்பந்தப்பட்டவர் தலையைக் குனிந்துகொள்வார். ஆலோசகரின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறாய் என்பது தொழிலுக்குப் புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி. அதனால் பயன் குறைவு. பார்ப்பவர் குறைத்துச் சொல்வார், கூட வந்தவர் கூட்டிச் சொல்வார், அறைக்குள்ளேயே சண்டை மூளும். செங்கம் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் ஆர்டர் பிடிக்க மூன்று மணி நேரம் வாட்ஸ்அப்பில் இருந்தாலும் அவருக்குக் கெடுதல் இல்லாமல் போகலாம். இருபது நிமிடம் மட்டும் இன்ஸ்டாகிராம் பார்க்கும் பதினோராம் வகுப்புப் பெண் அந்த இருபது நிமிடத்தில் நொறுங்கிப்போகலாம். அனுபவம் ஏற ஏறக் கேள்விகள் மாறுகின்றன. இரவில் கடைசியாகப் போனைக் கீழே வைக்கும்போது மணி என்ன? வைக்கும்போது மனசு எப்படி இருந்தது? அந்த நேரத்தில் முன்பெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாய்? பலரும் கண் கலங்குவது மூன்றாவது கேள்விக்குத்தான். மொட்டை மாடியில் தங்கையோடு படுத்துக்கொண்டு பேசியது, ஏரிக்கரையில் பந்து விளையாடியது, பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

போனையே விட்டுவிடு என்று இந்த மாவட்டத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூரு போன அப்பாவை வாரம் முழுவதும் பிள்ளைகள் பார்ப்பது வீடியோ காலில்தான். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பஸ் நேரமும் ஷிஃப்ட் மாற்றமும் வாட்ஸ்அப் குரூப்பில் வருகின்றன. ஆரணியில் தறிக்காரர் புடவையின் படத்தை அனுப்பித்தான் விலை பேசுகிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடமே போனுக்குள் போயிற்று. அதுவரை பிள்ளை கையில் போன் தராத வீடுகளும் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தன. பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் குரூப்பில் வருவது நிற்கவில்லை. எனவே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எந்த நேரத்தில் விடுவது என்ற அளவில்தான் இங்கே பேச்சு நடக்க முடியும்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டு மோகம் அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. சமூக ஊடக மோகம் என்று தனி நோய் அதில் இல்லை. ஆகவே பதினைந்து வயதுப் பையனை அவன் காதுபட 'செல்லுக்கு அடிமை' என்று சொல்வது மருத்துவப்படி தவறு, குடும்பப்படி அதைவிடப் பெரிய தவறு. அந்தச் சொல்லை அவன் நம்பிவிட்டால் முயற்சியையே கைவிட்டுவிடுவான். பதற்றம், மனச்சோர்வு, தூக்கக்கேடு, தனிமை என்று அடியில் இருப்பதைக் கண்டுபிடித்து அதற்குப் பெயர் சொல்வதே ஆலோசகரின் கடமை. மனச்சோர்வால் போனுக்குள் போனவர்கள் உண்டு, போனால் மனச்சோர்வுக்குள் போனவர்களும் உண்டு. எது முந்தியது என்று முதல் நாளே தெரிந்துவிடாது.

விரல் ஏன் நிற்க மறுக்கிறது என்பதை வருபவருக்கு விளக்கினாலே பாதிக் குற்ற உணர்ச்சி குறைகிறது. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் உயிரினங்கள் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்கின்றன. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். அவரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து எழுதிய பெரிய நூல் 1957இல் வந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்தால் பசி தீர்ந்ததும் புறா நின்றுவிடும். எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸ் தள்ளும் கையும் அப்படித்தான், பத்து சப்பென்று போகும், பதினொன்றாவது சிரிக்க வைக்கும். இதில் முடிவற்று உருளும் பக்கமும் சேர்ந்துகொண்டது. அந்த அமைப்பை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின் பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு வணக்கம் உண்டு. ரீல்ஸில் அப்படி எதுவும் வைக்கப்படவில்லை, வைக்கக்கூடாது என்றே வைக்கப்படவில்லை. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் பலர் சேர்ந்து செய்த ஒன்றிடம் போளூர் பையன் ஒருவன் தோற்பதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது நியாயமே இல்லை.

சிகிச்சையைத் தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இது அனுபவத்தில் உறுதிப்பட்ட முடிவு. ஒப்பீட்டால் வந்த தாழ்வுணர்ச்சி, கமென்டால் வந்த காயம், செய்தியால் வந்த பயம் இவற்றில் எதை எடுத்துப் பேசுவதென்றாலும் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு வந்த மூளையோடு பேசிப் பலன் கிடைப்பது அரிது. பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒன்றரைக்குப் போனை வைத்துவிட்டு டியூஷனுக்காகக் காலை ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஒரு வாரம் இப்படிப் போனால் எரிச்சல் வரும், மறதி வரும், சின்னச் சொல்லுக்கும் அழுகை வரும். பெற்றோர் அதைத் திமிர் என்று படிக்கிறார்கள். பிள்ளை தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் தவறு, அது தூக்கக் கடன்.

தூக்கத்தைக் கெடுப்பதில் திரையின் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய பங்கு திரையில் வருவதற்கு. நாளை பதில் சொல்லவேண்டிய ஒரு மெசேஜ், ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத ஒரு மெசேஜ், நம்மைச் சேர்க்காமல் கூட்டாளிகள் போய்வந்த இடத்தின் ஸ்டோரி ஆகியவற்றை இரவு பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் பகலில் இருப்பதைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு ஆலோசகர் கேட்பது ஒன்றே ஒன்று. படுக்கும் இடத்தில் போன் இருக்கக் கூடாது. பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் பார், ராத்திரி பத்து மணிக்கு மேல் அது கூடத்தில் டிவி ஸ்டாண்டில் சார்ஜில் கிடக்கட்டும். "அலாரத்துக்குத்தான் பக்கத்துல வச்சிருக்கேன் சார்" என்பது தவறாமல் வரும் பதில். அதற்கு விடை எளிது: தேரடி வீதிக் கடையில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கலாம். கிண்டலாகத் தோன்றும் இந்தச் சிறு பொருள் பல வீடுகளில் மாத்திரைக்கு முன்பே வேலை செய்திருக்கிறது.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது என்று தோன்றலாம். அங்கேதான் இது நன்றாகப் பொருந்துகிறது, நிபந்தனை ஒன்று மட்டும்: விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். "அப்பா மட்டும் பாக்கலாமா சார்?" என்று பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் எந்த விதியும் மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. சீரியல் பாட்டியையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் மகளுக்காகப் போனைப் பக்கத்தில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்ற அம்மாவுக்கு, அழைப்பு மணி மட்டும் ஒலித்து மற்றவை அடங்கும்படி போனில் அமைத்துக் கொடுத்தால் போதும். அந்த வசதி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. யாரும் சொல்லித் தராததால்தான் பயன்படாமல் கிடக்கிறது.

ஒப்பீடு பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை எழுதினார். மனிதன் தன்னைத் தன்னையொத்த பிறரோடு வைத்துத்தான் அளக்கிறான் என்பது அதன் சாரம். இந்த 'தன்னையொத்த' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நடிகரின் வீட்டைப் பார்த்து யாரும் நொந்துபோவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் சிங்கப்பூரிலிருந்து போடும் ஸ்டேட்டஸ், தனக்குப் பிறகு கல்யாணமான சித்தி மகளின் வளைகாப்பு ஆல்பம், இவைதான் அறுக்கின்றன. முன்பும் ஊரில் இவை தெரியவந்தன, ஆனால் வருடத்தில் சில முறை, திருவிழாவிலும் கல்யாணத்திலும், அந்தப் பையனின் கடனும் அந்தப் பெண்ணின் மாமியார் கதையும் சேர்ந்தே தெரியவந்தன. ஸ்டேட்டஸில் வளைகாப்பு மட்டும் வருகிறது. இதற்குக் கைமருந்து மியூட் செய்வது. உறவை அறுக்கவேண்டியதில்லை, ப்ளாக் செய்து சண்டை வளர்க்கவேண்டியதில்லை, மியூட் செய்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மனம் தேறியதும் எடுத்துவிடலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 143 மாணவர்களை வைத்து நடத்திய சோதனை 2018இல் வெளியாயிற்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்தவர்களுக்குத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. முழுவதும் நிறுத்தச் சொல்லவில்லை, குறைத்ததே போதுமானதாக இருந்தது என்பதை ஆலோசனைக்கு வருபவரிடம் அழுத்திச் சொல்லவேண்டும்.

தனிமனிதத் துயரத்தைவிடப் பெரியது பயம். ஒருவர் மனதில் ஏறிய பயம் தெருவுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. 2018 மே 9ஆம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் போளூர் அருகே வழியில் நின்றார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று கூட்டம் கூடியது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்துபவர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று அதற்கு முந்தைய வாரங்களில் வாட்ஸ்அப்பில் காணொளிகளும் குரல் பதிவுகளும் பரவியிருந்தன. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளில் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் முடிவை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

அடித்தவர்கள் அரக்கர்கள் அல்ல, அதுதான் அந்தச் சம்பவத்தின் கொடுமை. பிள்ளை பெற்றவர்கள், காட்டு வேலைக்குப் பிள்ளையைத் தனியே விட்டுப் போகிறவர்கள், பல நாளாகச் சரியாகத் தூங்காதவர்கள். செய்தி அந்நியரிடமிருந்து வரவில்லை. அத்தை அனுப்பினார், பங்காளி அனுப்பினார், ஊர் குரூப்பில் தெரிந்த அண்ணன் அனுப்பினார். அனுப்பியவர் மேல் இருந்த நம்பிக்கை செய்தியின் மேல் ஏறிக்கொண்டது. ஒரே விஷயம் நான்கு குரூப்பில் வந்தால் நான்கு சாட்சி இருப்பதாக மனம் கணக்குப் போடுகிறது, உண்மையில் அது ஒரே செய்தியின் நான்கு நகல். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. அப்படிக் கைமாறிய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் மனநல வேலையே. பயமுறுத்தும் செய்தி வந்தால் உடனே அனுப்பத் தோன்றும். அனுப்பினால் பயம் சற்று இறங்கியதுபோலத் தோன்றும், ஏனெனில் பயத்தைப் பங்கு போட்டாயிற்று. அந்த உந்துதலை அடையாளம் கண்டு, இரட்டை அம்பு இருந்தால் ஒரு இரவு தள்ளிப்போடுவது என்று ஒரு வீடு முடிவெடுத்தால் போதும். காலையில் அதே செய்தி பாதி பொய்யாகத் தெரியும்.

பொய்ச் செய்திதான் கெடுக்கும் என்பதும் இல்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு அது நேரில் நடந்த துக்கம். ஆனால் அந்தக் காட்சிகளை நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களிடமும் அதே நடுக்கம் இருக்கும், மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவது, மலைப் பக்கம் ஜன்னலைத் திறக்க மறுப்பது என்று. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த ஆய்வு இதை எதிர்பாராத அளவில் காட்டியது: அடுத்த வாரம் முழுவதும் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான கடும் மன அழுத்தம் பதிவாகியிருந்தது. பேரிடர்ச் செய்தியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, படமில்லாமல் எழுத்தாகவோ வானொலியிலோ அறிந்துகொள்வது போதுமானது. குழந்தைகள் இருக்கும் கூடத்தில் அந்தக் காணொளி ஓடவே கூடாது. இறந்தவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள், பத்து மணி நேரம் காணொளி பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள். கையால் ஏதாவது செய்தவரின் துக்கத்துக்கு ஒரு கரை கிடைக்கிறது.

பதிவு போடுபவர்களின் கஷ்டம் தனி வகை. கிரிவலப் பாதையில் போனை நீட்டிக்கொண்டு நடந்தபடியே பேசும் இளைஞர்களைப் பௌர்ணமிதோறும் பார்க்கலாம். சாமியார்களையும் வெளிநாட்டவரையும் அனுமதி கேட்காமல் படம் பிடிப்பது தவறு. அதை அவர்களிடம் நேராகச் சொல்லலாம். ஆனால் அவர்களும் துன்பப்படுகிறார்கள். தீபத் திருநாள் வாரத்தில் லட்சம் வியூஸ் போன சேனல் மார்கழியில் எண்ணூறுக்கு இறங்கும்போது, தன்னையே யாருக்கும் பிடிக்கவில்லை என்று அந்தப் பையன் எடுத்துக்கொள்கிறான். அவனுக்குத் தேவைப்படுவது, எண்ணிக்கை பார்க்கும் வேலையை நாளுக்கு ஒருமுறை என்று கட்டுவதும், கமென்டுகளை முதலில் வேறொருவர் படித்து வடிகட்டிச் சொல்வதும். இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 மே மாதம் முதல் இருக்கிறது. மறைத்துவிட்டு ஒரு மாதம் பதிவு போட்டுப் பார்த்தால், தனக்குப் பிடித்ததைப் போடுகிறோமா பிடிக்கவைப்பதைப் போடுகிறோமா என்பது தெளிவாகும்.

படத்தை வைத்து மிரட்டல் வந்தால் ஆலோசனைக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியவை வேறு. பணம் கொடுக்கக் கூடாது, மெசேஜை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ போகவேண்டும். சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1098. சேலம் மாவட்டத்தில் 2016 ஜூனில், உருமாற்றிய படத்தை ஃபேஸ்புக்கில் போட்டதால் 21 வயதுப் பெண் ஒருவரை அவர் குடும்பம் இழந்தது. அந்தச் செய்தியிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம், பெண்ணின் போனைப் பிடுங்குவது அல்ல. என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், உன்மேல் சந்தேகப்பட மாட்டோம் என்று முன்கூட்டியே, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், வாய்விட்டுச் சொல்லி வைப்பது. மிரட்டுபவனின் முழுப் பலமும் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் அவனிடம் ஒன்றும் இல்லை.

ஆரம்ப ஆண்டுகளில் ஆலோசகர்கள் பலரும் செய்த தவறு ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிடுவது. சில நாள் அமைதி நிலவும். பிறகு கூட்டாளியின் போன், ரகசியமாக இன்னொரு சிம், பொய். அதைவிட மோசம், துயரத்தைச் சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே தோழியும் அந்தப் போனோடு போய்விடுவது. பிடுங்குவதைச் சிகிச்சை என்று எண்ணிய காலம் போய்விட்டது, போகட்டும். பதிலாக, போனிலேயே இருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துவது நடைமுறைக்கு உகந்தது. மனிதர் அனுப்பும் செய்திக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன் வைத்து, செயலி தானாக அனுப்புவதை எல்லாம் அணைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் நம்மைக் குரூப்பில் சேர்க்கும் வழியை அடைக்கலாம், லாஸ்ட் சீனை மறைக்கலாம், ப்ளூ டிக்கை நிறுத்தலாம். யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாக நிற்கும். தேடியதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வரலாம். பதின்ம வயதினருக்கென இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் தொடங்கிய தனிக் கணக்கு முறை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். பிறந்த வருடத்தைப் பொய்யாகக் கொடுத்துக் கணக்கு தொடங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி போய், பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதன் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்.

கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் வெறுமை தெரியும். அதை நிரப்ப இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை, ஆசிரமத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார் என்பது. பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, இங்கே வந்து சேர்ந்த ரமணர் மௌனத்தாலேயே உலகை இந்த ஊருக்கு அழைத்தவர், அந்த யோசனை இங்கே இயல்பானது. ஆனால் பதற்றம் முற்றிய நிலையில் இருப்பவரை அசையாமல் உட்காரவைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் எண்ணங்கள் இன்னும் சத்தமாகக் கேட்கும். அவர்கள் பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள், தியானம்கூடத் தனக்கு வரவில்லை என்ற புதுத் தோல்வி வேறு சேர்ந்துகொள்கிறது. அவர்களுக்கு முதலில் நடை. சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் இருப்பது அளவு வைக்க வசதியாக அமைந்திருக்கிறது. முதல் வாரம் இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் வரை போன் பையில், சத்தமில்லாமல். அடுத்த வாரம் எம லிங்கம் வரை. அதற்கடுத்து நிருதி லிங்கம். ஒரேயடியாக முழுச் சுற்றும் போனில்லாமல் போகச் சொன்னால் பாதியில் மனம் முறிந்துவிடும். லிங்கத்துக்கு லிங்கம் கூட்டிக்கொண்டு போனால் ஈசான்ய லிங்கம் வரை வந்துவிடலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இது பொருந்தும், வழியில் இருக்கும் மரமும் டீக்கடையும் அவருக்குப் போதும். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளின் விடியற்காலையில். கூட ஒருவர் வந்தால் நல்லது. பதினான்கு கிலோமீட்டரில் பேசாமல் வர யாராலும் முடியாது.

நான்கு வாரம் இவற்றைச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அது போன் விஷயம் அல்ல, மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம். கடைசியாகச் சொன்னதற்கு நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போகவேண்டும். அப்படிப்பட்ட பேச்சைப் பிள்ளை எடுத்தால் நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பங்கள் மறைத்த காலம் ஒன்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கலுக்கென்றே தனி மருத்துவப் பிரிவை பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் நடத்துகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால், 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.